கழற்றக்கூடிய மண்டபம்

"தண்ணிக் கப்பல் எங்கயாவது எரியுமா?" என்று கேட்காத ஆள் தாராவியில் பாக்கி இல்லை. குழாயடியில் கேட்டார்கள், ரேஷன் வரிசையில் கேட்டார்கள், துக்கம் விசாரிக்க வந்த இடத்தில்கூடக் கேட்டார்கள். முதலில் பூமாரி பொறுமையாகத்தான் விளக்கிக்கொண்டிருந்தாள். கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற பெரிய கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிற சின்னக் கப்பல் அது. வயிறு பூராவும் தண்ணீர்த் தொட்டி. ஆனால் அந்த வயிற்றைத் தள்ளிக்கொண்டு போக எஞ்சின் வேண்டும், எஞ்சினுக்கு டீசல் வேண்டும், தீப்பிடித்தது அங்கே. சொல்லிச் சொல்லி அலுத்த பிறகு, "ஆமா, எரியும். போய் உங்க சோலியப் பாருங்க" என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள்.

குழாயடிக்காரிகள் கேட்டதைக்கூட மன்னித்துவிடலாம். கப்பலைப் பார்வையிட்டு ஓடலாம் என்று கையெழுத்துப் போட்ட அதிகாரியும் அதையேதான் எழுதியிருந்தார். 'சரக்கு தண்ணீர், தீ அபாயம் குறைவு.' விசாரணை நடந்த அறையில் அதை இங்கிலீஷில் வாசித்தார்கள். பக்கத்தில் நின்ற ஒருவன் அவளுக்குத் தமிழில் சொன்னான். கணவன் அய்யாத்துரையை வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தபோது அழாதவள், அன்றைக்கு அந்த அறையின் சுவரில் தலையை மோதிக்கொண்டாள்.

அது வைகாசி மாதம். புரட்டாசியில் ஒரு சாயங்காலம் தோல் பட்டறையில் உப்புத் தட்டும் வேலை முடிந்து வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, தம்பி இசக்கிப்பாண்டி ஒரு பொட்டலத்தோடு உள்ளே நுழைந்தான்.

"யக்கா, வாயத் தொற."

"என்னல விசேஷம்?"

"தொறயேன், சொல்லுதேன்." பேடாவை அவள் வாயில் திணித்துவிட்டுச் சிரித்தான். "டிரைவர் ஆயிட்டேன். இனி ஆயில்மேன் இசக்கி இல்ல, எஞ்சின் டிரைவர் இசக்கிப்பாண்டி. கப்பல்கார சேட்டே கூப்பிட்டுச் சொன்னான். ஜல்கன்யாவுக்கு."

பூமாரி வாயிலிருந்த பேடாவை உள்ளங்கையில் துப்பினாள்.

"ஜல்கன்யாவுக்கா?"

"எரிஞ்சது ஜல்ராணி. இது புதுசு. பெயிண்டு வாசம்கூட இன்னும் போகல."

"பிளான் ஒண்ணுதானல? ரெண்டையும் ஒரே பிளானை வச்சுத்தான கட்டுனானுவ?"

"இந்தச் சந்துல இருக்க கோலி வீடு அம்புட்டும் ஒரே பிளான்தான். ஒரு கோலியில எழவு விழுந்தா எல்லா கோலியிலயும் விழுமா? நல்ல சேதி சொல்ல வந்தவன்கிட்ட..."

"அந்தச் சின்னக் கதவு எங்க இருக்கு?"

இசக்கி பொட்டலத்தை மடித்தான்.

"எங்க இருக்குன்னு கேட்டேன்."

"அங்கனதான் இருக்கு."

"அதுக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"இந்தத் தடவை பலகையெல்லாம் இல்ல. சேட்டு சாமிப் படத்துக்குன்னு தேக்குல மண்டபமே செஞ்சு வச்சிருக்கான். கொத்துவேலை பாக்கணுமே நீ! பழைய கப்பல்ல சாமிய ஏதோ பலகையில போட்டு வச்சதாலதான் அபசகுனம் ஆச்சுன்னு பண்டிட் சொன்னானாம். விஜயதசமி அன்னைக்கு பூஜை போட்டு கப்பல ஓட்டுதோம்."

பூமாரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்த பிடியைப் பார்த்து இசக்கி ஓரடி பின்னால் போனான்.

அந்தப் பலகையின் கதை தாராவியில் மூன்று பேருக்குத்தான் தெரியும். சொன்னவர் ஜல்ராணியில் சுக்கான் பிடித்த சாரங்கு ஷாகுல் ஹமீது. ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்தபடி சொன்னார்.

ஜல்ராணியின் எஞ்சின் அறைக்கு மேல்தளத்திலிருந்து ஒரே இரும்பு ஏணி. அந்த வழி அடைபட்டால் தப்பிக்க, எஞ்சினுக்குப் பின்சுவரில் ஒரு ஆள் குனிந்து போகிற அளவு சின்ன இரும்புக் கதவு. அதைத் தள்ளினால் ஆட்கள் படுக்கிற அறை. பிளானில் அது அம்சமாகத்தான் இருந்திருக்க வேண்டும். பிளான் போட்டவன் அந்த அறையில் ஒருநாள் படுத்திருந்தால் தெரிந்திருக்கும். கப்பலின் வளைவுக்குத் தக்கபடி மற்றச் சுவரெல்லாம் வளைந்து சரிந்தவை, அதிலெல்லாம் கட்டில். நேராக நிமிர்ந்து நிற்கிற சுவர் அந்தக் கதவு இருந்த சுவர் ஒன்றுதான். கடலுக்குப் போகிறவன் சாமி இல்லாமல் போவானா? எங்கே வைப்பான்? கட்டில் மேல், கால் நீட்டும் இடத்திலா வைப்பான்? ஒருநாளும் திறக்காத கதவு. குறுக்கே ஒரு பலகையைத் திருகி அடித்தார்கள். திருச்செந்தூர் முருகன், நாகூர் தர்கா, வேளாங்கண்ணி மாதா என்று வரிசையாகக் கண்ணாடி போட்ட மூன்று படம். இந்து, துலுக்கன், வேதக்காரன் எல்லாரும் ஒரே பலகையில் சாம்பிராணி காட்டினார்கள். அதைச் சொல்லிச் சொல்லி அய்யாத்துரைக்குப் பெருமை.

டீசல் குழாய் வெடித்து, கொதிக்கிற புகைக்குழாய் மேல் பீய்ச்சியடித்தது. ஏணிப் பக்கம் தீ. தீயணைக்க வைத்திருந்த மணல் வாளிகளும் ஏணிக்கடியில், தீக்கு அந்தப்புறம். அய்யாத்துரை சின்னக் கதவுக்கு ஓடினான். தள்ளினான். பலகையில் இடித்து நின்றது. அடித்தான். அந்தப் பக்கம் ஆட்கள் இருந்தார்கள், சாரங்கும் இருந்தார். சத்தம் கேட்டதும் பாய்ந்து வந்தார்கள்.

வந்து என்ன செய்தார்கள்?

"படத்தை எடுத்தோம் தங்கச்சி" என்றார் ஷாகுல் ஹமீது, சுவரைப் பார்த்தபடியே. "ஒவ்வொண்ணா எடுத்தோம். கட்டில்ல துணிய விரிச்சு வச்சோம். பொறகுதான் பலகையில கை வச்சோம். யாரும் அப்படிச் செய்யணும்னு நெனச்சுச் செய்யல. கை தன்னால அப்படித்தான் போச்சு."

பலகையைப் பிய்த்து எடுத்தபோது கதவு பழுத்திருந்தது. அதை வெறுங்கையால் இழுத்ததில்தான் அவர் விரல்கள் பத்தும் கோழிக்கால் மாதிரி மடங்கிப்போயின. தட்டுகிற சத்தம் அதற்கு முன்னாலேயே நின்றிருந்தது.

பூமாரி மூன்று படங்களையும் வெறுத்தாள். படங்களை எடுத்த கைகளை வெறுத்தாள். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மனிதர்களுக்கு சாமி வைக்க வேறு ஒரு முழம் சுவர்கூட விடாமல் கப்பல் கட்டினவனையும், அதைப் பார்த்துவிட்டுச் சரி என்றவனையும் வெறுத்தாள். சரி என்றவன் இருக்கிற இடம் அவளுக்குத் தெரியும். மாட்டுங்கா, கோயிலுக்குப் பக்கத்துத் தெரு, இரண்டாவது மாடி.

மறுநாள் பட்டறையிலிருந்து நேரே போனாள். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கொலு வைத்திருந்தார்கள். அதிகாரியின் மனைவி பாகீரதி தாம்பூலத் தட்டோடு சிரித்த முகமாக வந்தவள், பூமாரியின் வெறும் நெற்றியைக் கண்டு தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவரைப் பாக்கணும்" என்றாள் பூமாரி. "ஜல்ராணி டிரைவர் அய்யாத்துரை பெஞ்சாதி வந்திருக்கேன்னு சொல்லுங்க."

அதிகாரி அனந்தநாராயணன் உள்ளேயிருந்து வந்தார். ஒல்லியான மனிதர், வேட்டி, பனியன், தோளில் துண்டு. பேரைக் கேட்டதும் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

"உக்காரும்மா."

"உக்கார வரல. ஜல்கன்யாவையும் நீங்கதான் பாத்தீங்களா?"

"நான்தான் பார்த்தேன்."

"பாத்துமா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் உள்ளே போனாள்.

"நான் சும்மா இருக்கலேம்மா. எஞ்சின் ரூம்லேர்ந்து டெக்குக்கு நேரா இன்னொரு ஏணி வேணும்னு எழுதினேன். அதுக்குத் தண்ணித் தொட்டியில ஒரு மூலையை வெட்டணும். தொட்டி சின்னதாப் போனா வருமானம் போயிடும்கறான் சேட். மேல இருக்கறவா என்ன சொன்னா தெரியுமா? 'ஏத்தறது தண்ணி. பெட்ரோலா ஏத்தறான், இவ்வளவு கெடுபிடி பண்றே'ன்னா."

"அந்தக் கதவுல மண்டபம் வச்சிருக்கானே, அது?"

"அது ஸ்க்ரூவுல நிக்கறதும்மா. கழட்டிடலாம். 'கழற்றக்கூடியது'ன்னே ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன்."

"ஜல்ராணியில இருந்த பலகை?"

கொலுப் படியில் ஒரு செட்டியார் பொம்மை சாய்ந்திருந்தது. அவர் அதை நிமிர்த்தி வைத்தார்.

"அதுவும் ஸ்க்ரூதான்" என்றார் மெதுவாக.

"நீங்க அன்னைக்குக் கப்பலுக்கு வந்தீங்கல்லா, அதை எங்க வீட்டுக்காரரு சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டாரு. எம்புட்டுப் பெரிய ஆபீசரு, செருப்பக் கழத்திப் போட்டுட்டு எங்க சாமிக்கு ஒரு கும்பிடு போட்டாருட்டி, நாகூராருக்கும் போட்டாரு, மாதாவுக்கும் போட்டாருன்னு. கதவத் தொறந்து பாத்தாருன்னு ஒருநாளும் சொல்லல."

"மூணு படமும் மாலையும் பூவுமா இருந்தது. விளக்கு எரிஞ்சிண்டிருந்தது. எடுங்கோன்னு நான் எப்படிம்மா சொல்வேன்?"

"வாயாலதான். வேற எப்படிச் சொல்லுவாவ?"

அவர் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று பூமாரி ஆராயவில்லை. அவளுக்கு அது தேவையாகவும் இல்லை.

"விஜயதசமி அன்னைக்கு அங்க வருவீங்களா?"

"வரணும். அன்னிக்குத்தான் கடைசிக் கையெழுத்து."

"வாங்க. கழத்திக் காட்டுங்க. உள்ள போகப் போறது என் கூடப்பொறந்தவன்."

வாசலில் பாகீரதி ஒரு காகிதப் பொட்டலத்தில் சுண்டல் வைத்து நீட்டினாள். "கொஞ்சம் எடுத்துக்கோம்மா." பூமாரி அதை வாங்கவில்லை. மாடிப்படி இறங்கும்போது, வாங்கியிருந்தால் அந்தப் பொட்டலத்தை எங்கே வீசியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

விஜயதசமி அன்று சிவ்ரிச் சேற்றுக்கரையில் வெயில் உருக்கிய ஈயம் போல் காய்ந்தது. ஜல்கன்யா வெள்ளையும் நீலமுமாக, கழுத்தில் செவ்வந்தி மாலையோடு, கப்பல் பட்டறையின் சின்னப் படகுத்துறையில் கட்டிக் கிடந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இசக்கி புதுக் காக்கிச் சட்டை போட்டு, எஞ்சினை ஓடவிட்டுவிட்டு மேலே வந்து பிரசாதம் வாங்க நின்றான். சேட் வெள்ளைத் தொப்பியும் சந்தனமுமாக எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். ஏறுபலகையின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் ஷாகுல் ஹமீது. மடங்கிய விரலுக்கு சுக்கான் பிடிபடாது என்று சேட் அவரை வாட்ச்மேன் ஆக்கியிருந்தார்.

பூமாரியைக் கண்டதும் எழுந்தார். "தங்கச்சி, இன்னைக்கு வேண்டாம். சொன்னாக் கேளு."

"நீங்க சேட்டுகிட்டச் சொன்னீங்களா பாய்?"

"சொன்னேன். சாமி இருக்க கப்பல்ல சாவு வராதுன்னுட்டான். அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல, இந்தக் கையை வச்சுக்கிட்டு?"

அவள் அவரைத் தாண்டி ஏறினாள். வெள்ளைச் சேலையோடு ஒரு பெண் ஏறுவதைப் பார்த்து சேட்டின் ஆட்களில் ஒருவன், "அரே, யே கோன்? இஸ்கோ ரோகோ!" என்று தடுக்கச் சொல்லிக் கத்தினான். பண்டிட் மந்திரத்தை நிறுத்தினான். இசக்கி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"யக்கா, என் மானத்த வாங்காத. எறங்கு. ஒன் கால்ல விழுதேன்."

"தள்ளுல."

எஞ்சின் அறையின் வாய் திறந்திருந்தது. இரும்பு மூடி நிமிர்ந்து நின்றது. அவள் ஏணியில் இரண்டு படி இறங்கி நின்று, கூட்டத்தில் அனந்தநாராயணனைத் தேடினாள். படுக்கை அறைக்குப் போகிற படிவாசலில் அவர் வெறுங்காலோடு நின்றார். செருப்பு வாசலுக்கு வெளியே ஜோடியாக இருந்தது.

"ஐயா!" என்று கூப்பிட்டாள். "இந்த வழியில தீ. இனி இந்த வழி கெடையாது. நான் அந்த வழியா வாரேன்."

மூடியின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அது தலைக்கு மேல் டமார் என்று விழுந்தது. உட்பக்கக் கொண்டியைத் திருப்பினாள்.

இருட்டு. எஞ்சின் சத்தம் காதில் கேட்கவில்லை, மார்பில் கேட்டது. புதுப் பெயிண்டும் டீசலும் சேர்ந்த நாற்றம் தொண்டையைப் பிடித்தது. புகைக்குழாய் பக்கத்தில்தான் எங்கோ இருந்தது. முகத்தின் ஒரு பாதி வெந்தது. மிச்சப் படிகளை இறங்கிச் சுவரைத் தடவினாள். கால் எதிலோ இடித்தது; மணல் வாளி. ஏணிக்கடியிலேயே. அதையும் மாற்றவில்லை. கையில் ஒரு ஸ்பானர் அகப்பட்டது.

கதவு கிடைத்தது. கைப்பிடியைத் தூக்கித் தள்ளினாள். இரண்டு விரல்கடை திறந்து, இடித்து நின்றது. அந்தக் கீற்றில் விளக்கு வெளிச்சம் வந்தது, சந்தன வாசம் வந்தது, தேக்குப் பலகையின் முதுகு தெரிந்தது.

ஸ்பானரால் அடித்தாள். அடித்தாள், அடித்தாள்.

அந்தப் பக்கம் காலடிச் சத்தம். பல பேர். பண்டிட்டின் குரல்: "ஹாத் மத் லகாவ்!" பூஜை முடியவில்லை, கை வைக்காதே என்கிறான். சேட்டின் குரல். பிறகு அனந்தநாராயணன் உரக்க: "கழட்டுங்கோ! கழட்டுங்கோன்னா! கழட்டலாம்னுதானே சொன்னேள்!" யாரோ ஸ்க்ரூ டிரைவர் கேட்டார்கள். யாரோ அது பட்டறையில் இருக்கிறது என்றார்கள்.

அவள் மூச்சு இழுத்தாள். மூடிய அறையில் மூச்சு பாதியில் நின்றது. மறுபடி அடித்தாள். கண்ணில் நீர் வழிந்தது டீசல் நெடியாலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது அந்தக் குரல் கேட்டது. கதவுக்கு நேர் அந்தப் பக்கம், ஒரு முழ தூரத்தில்.

"பொறுங்கண்ணே, பொறுங்க. பாத்து. முருகன் படத்த நான் எடுத்துக்கிடுதேன். கண்ணாடி ஒடைஞ்சிராம. விளக்க முதல்ல நகத்துங்க, எண்ணெய் சிந்தீரும்."

இசக்கியின் குரல்.

பூமாரியின் கை நின்றுவிட்டது. ஸ்பானரை உயர்த்தியபடியே நின்றாள். இதைத்தான் அன்றைக்கு அவள் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். தீ முதுகைப் பிடிக்கிறபோது, கதவின் இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு, தன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், பாத்து, பாத்து, மெதுவா என்று சாமியை இறக்குவதைக் கேட்டிருக்கிறார். அவருக்குக் கோபம் வந்திருக்காது. அவரே அந்தப் பக்கம் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார். அதை நினைத்தபோது அவளுக்கு வந்த ஆத்திரம் அத்தனை நாள் வந்ததையெல்லாம் தின்றுவிட்டது. அவள் மறுபடி அடிக்கவில்லை.

தட்டுகிற சத்தம் நின்றது ஒருவருக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டும்.

"நின்னு போச்சு!" என்று ஷாகுல் ஹமீது அலறினார். "யா அல்லா, சத்தம் நின்னு போச்சுடா! தள்ளுங்கடா!"

பிறகு ஒரு பெரிய மோதல். பிடிக்க முடியாத கைகளை மடக்கிக்கொண்டு, தோளால், ஆள் முழுசாக வந்து மோதினார். தேக்கு முறிந்தது. இன்னொரு மோதல். கண்ணாடி சிதறியது, வெண்கல விளக்கு உருண்டது, யாரோ ஐயோ என்றார்கள். அவள் சாய்ந்திருந்த கதவு விசுக்கென்று திறந்து, பூமாரி உடைந்த பலகைகள் மேல் முழங்காலிட்டு விழுந்தாள்.

கொஞ்ச நேரம் இருமினாள். ஷாகுல் ஹமீது தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பண்டிட் வெளியே போய்விட்டான். அனந்தநாராயணன் உடைந்த கண்ணாடிக்கு நடுவே வெறுங்காலோடு நின்றார். நகரத் தெரியாமல் நின்றார்.

"கழத்தியாச்சு" என்றாள் அவரைப் பார்த்து. "எழுதிக்கிடுங்க."

"நான் கையெழுத்துப் போடலேம்மா. டெக்குக்கு ஏணி வெக்கற வரைக்கும் போடமாட்டேன்."

"நீங்க போடலேன்னா வேற ஆபீசர் போடுவான்" என்று சேட் ஹிந்தியில் சொன்னார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை, நாளைக்கு மழை வரும் என்பதுபோல் சொன்னார். அது உண்மையாக இருக்கலாம் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அனந்தநாராயணனுக்கும் தெரிந்தது.

"போடட்டும்" என்றார். "அவனையும் இந்தம்மா உள்ளேர்ந்து தட்டிக் கூப்பிடட்டும்."

பூமாரி அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள். இசக்கிப்பாண்டி கட்டில் மூலையில் ஒண்டி நின்றான். புதுச் சட்டையின் மார்போடு முருகன் படத்தை இரண்டு கையாலும் அணைத்திருந்தான். ஒரு கீறல் இல்லை.

"ஏல" என்றாள். குரல் கரகரத்தது. "உள்ள இருந்தது நான்."

அவன் படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வாய் கோணியது. படத்தைக் கட்டிலில் வைக்கப் போனான். பாதியில் நின்றான். துணி விரிக்க அவன் கை தேடிக்கொண்டிருந்தது. அது அவனுக்கே தெரிந்தபோது, சுட்டதுபோல் அதை வெறும் கட்டிலில் போட்டான்.

"யக்கா" என்றான். "யக்கா, நான்..."

"எஞ்சின நிறுத்திட்டு வா."

அவள் அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் படியேறினாள். ஏறுபலகையில் நடந்து சேற்றுக்கரையில் இறங்கி நின்றாள். சேலையெல்லாம் எண்ணெய்க் கறை, கையில் இன்னும் அந்த ஸ்பானர். மார்பில் அதிர்ந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. மூடியின் கொண்டியை உள்ளேயிருந்து யாரோ விடுவிக்கும் சத்தம் கேட்டது. மூடி நிமிர்ந்தது. காக்கிச் சட்டை முதலில் தெரிந்தது, பிறகு தலை. அவன் மேலே வந்து, சட்டையைக் கழற்றி, சேட்டின் கையில் கொடுக்காமல் எஞ்சின் அறையின் வாய்க்குள்ளேயே போட்டான். பனியனோடு ஏறுபலகையில் நடந்து வந்தான்.

பக்கத்தில் வந்து நின்றவனை அவள் ஓங்கி அறைந்தாள். அவன் கன்னத்தைத் தடவவில்லை. அவள் கையிலிருந்த ஸ்பானரை மெல்ல வாங்கி, படகுத்துறையின் கல்லில் வைத்துவிட்டு, அவளுக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான்.